கூட்டுத் தொற்றும் நெல்லின் எதிர்ப்புத்திறனும்: துங்ரோ நோயின் வரலாறு

நெல் துங்ரோ நோய் என்பது இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் ஒரே நெற்பயிரில் ஒருசேரத் தொற்றுவதால் உண்டாகும் நோயாகும். ஒன்று கோல் வடிவம் கொண்டது. அதன் மரபுப்பொருள் டி.என்.ஏ. மற்றொன்று உருண்டை வடிவம் கொண்டது. அதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. இரண்டுக்கும் இடையே உறவுமுறை எதுவும் இல்லை. ஆயினும் பச்சைத் தத்துப்பூச்சி என்னும் ஒரே பூச்சியின் வாய்வழியாக இரண்டும் வயலுக்கு வருகின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று முழுத் தீங்கைச் செய்வதில்லை. பயிர் நோயியலில் கூட்டுத் தொற்று என்று சொல்லப்படும் நிகழ்வுக்கு ஆசிய நெல் நிலங்களில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இந்நோயின் வரலாறு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஜப்பான் என்று பல நாடுகளில் நடந்தது. அதில் தமிழ்நாட்டின் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. நோயால் அடிபட்ட வயல்கள் அங்கே இருந்தன. நோயின் ஒரு பாதியைத் தடுத்து நிறுத்திய நெல் ரகமும் அதே மாவட்டத்தில்தான் பிறந்தது.

ஏனாத்தூர் வட்டாரமும் மூன்று போகமும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நினைவுக்கு வருகின்றன. நகரை ஒட்டிய ஏனாத்தூர் இன்று உயர்கல்வி நிலையங்களால் அறியப்படுகிறது. ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1993 முதல் இங்கு உள்ளது. தறி ஓடும் தெருக்களைத் தாண்டிச் சென்றால் இவ்வட்டாரம் முழுவதும் ஏரிப்பாசன நெல் நிலம். பாலாறும் வேகவதியும் செய்யாறும் பாயும் இப்பகுதியில் நிலையான பாசனத்தைத் தருபவை ஆறுகள் அல்ல. மழைநீரைத் தேக்கும் ஏரிகளும், அவற்றின் ஊற்றால் நிரம்பும் கிணறுகளுமே.

இங்கு நெல் மூன்று பட்டங்களில் பயிராகும். சித்திரை, வைகாசியில் விதைப்பது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் தொடங்குவது சம்பா. மார்கழி, தையில் தொடங்குவது நவரை. ஏரியை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஓர் ஊரின் நிலம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடவாகி ஒரே சமயத்தில் அறுவடையாகும். ஏரி வற்றிய பின் சில மாதங்கள் நிலம் தரிசாகக் கிடக்கும். மின்மோட்டார் வந்த பிறகு இந்த ஒழுங்கு குலைந்தது. கிணறு வைத்திருந்தவர் ஏரி மதகு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் அறுவடை செய்யும்போது அடுத்த வயல்காரர் நாற்று விடுவார். குறுகிய வயதுடைய புதிய ரகங்கள் இதை இன்னும் எளிதாக்கின. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு வயலில் இளம்பயிர் நின்றது.

விளைச்சல் பெருகியதற்கு இது காரணம். துங்ரோ பெருகியதற்கும் இதுவே காரணம். இந்நோய் விதைவழிப் பரவுவதில்லை, மண்வழியும் பரவுவதில்லை. உயிருள்ள நெற்பயிரிலிருந்து மற்றோர் உயிருள்ள பயிருக்குப் பூச்சி சுமந்து சென்றால்தான் உண்டு. பூச்சியோ வைரஸைச் சில நாள்கள் மட்டுமே சுமக்கும், தோலுரித்தால் இழந்துவிடும், முட்டைவழித் தன் சந்ததிக்குக் கொடுக்காது. ஆகவே இடைவெளி விழுந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும். சொர்ணவாரித் தாளில் துளிர்த்த மறுதாம்பிலிருந்து சம்பா நாற்றங்காலுக்கும், சம்பாவிலிருந்து நவரைக்கும் பாலம் போடப்பட்டபோது சங்கிலி அறுபடவில்லை.

மஞ்சளாகும் பயிர்

நோய்கண்ட பயிர் குட்டையாகும்; தூர் குறையும். இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறம் மாறும். கதிர் தாமதமாக வரும். முழுவதும் வெளிவராமல் சிறுத்து, பதர் மிகுந்திருக்கும். நாற்றங்காலிலோ நட்ட சில வாரங்களிலோ தொற்றிக்கொண்டால் அறுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த மஞ்சள் நிறந்தான் நோயை நெடுங்காலம் ஒளித்து வைத்தது. தழைச்சத்துக் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும். வடிகால் இல்லாமல் நீர் தேங்கினாலும் மஞ்சளாகும். துத்தநாகம் குறைந்தால் துருநிறம் ஏறும். உத்தரப்பிரதேசத்துத் தராய் நிலத்தில் கைரா என்று அழைக்கப்பட்ட நெல் நோய்க்குத் துத்தநாகக் குறைபாடே காரணம் என்று பந்த்நகரில் ஒய்.எல். நேனே 1960களின் நடுவில் காட்டினார். ஒரே காலத்தில், ஒரே நாட்டில், பார்வைக்கு நெருங்கிய இரண்டு சீக்குகள். ஒன்று உப்பிட்டால் தீரும், மற்றொன்று எத்தனை மூட்டை உரம் போட்டாலும் தீராது. இதனால் விவசாயிகள் இழந்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தென்கிழக்கு ஆசியாவில் குழப்பம் இன்னும் பழையது. இந்தோனேசியாவில் மென்டெக் என்ற நெல் நோய் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. அதற்கு வேரழுகலையும் மண்ணையும் காரணம் சொன்னார்கள். மலாயாவில் இதற்குச் செந்நோய் என்னும் பொருளில் பென்யாகிட் மேரா என்று பெயர். அங்கும் மண்வளமே காரணமாகக் கருதப்பட்டது.

பிலிப்பைன்சின் லாஸ் பானோஸில் 1960இல் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் சோதனை வயல்களிலேயே இந்நோய் தலைகாட்டியது. அங்குப் பணியாற்றிய ரிவேரா, ஊ ஆகிய இருவரும் பச்சைத் தத்துப்பூச்சி இதைக் கடத்துகிறது என்று 1965இல் மெய்ப்பித்தனர். உள்ளூர் இலோக்கானோ மொழியில் வளர்ச்சி குன்றுதலைக் குறிக்கும் துங்ரோ என்ற சொல் நோயின் பெயராயிற்று. மலேசியாவின் செந்நோயும் இந்தோனேசியாவின் மென்டெக்கும் இதே வகையைச் சேர்ந்தவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இந்தியாவில் இந்நோய் இருப்பதை டெல்லியில் ராய்சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 1967இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டு வி.டி. ஜான் அதை உறுதிப்படுத்தினார். 1969இல் உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் நோய் பெரிய அளவில் பரவியது. தமிழ்நாட்டின் முறை 1980களின் நடுவில் வந்தது. வடஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய வட மாவட்டங்களின் நெல் வயல்கள் பாதிக்கப்பட்டன. ஏரியும் கிணறும் சேர்ந்து ஆண்டு முழுவதும் நெல் விளைவித்த மாவட்டங்கள் இவை.

ஒரு வைரஸ் அல்ல, இரண்டு

1965க்குப் பிறகு பத்து ஆண்டுகள்வரை துங்ரோ ஒரு வைரஸால் வருவது என்றே எல்லோரும் எண்ணினர். 1968இல் கால்வெஸ் நோய்ப்பயிரிலிருந்து உருண்டைத் துகள்களைப் பிரித்தெடுத்தார். வைரஸ் கிடைத்துவிட்டது என்று ஆய்வுலகம் நிறைவடைந்தது. ஆனால் முடிவுகள் ஒட்டவில்லை. ஒரே வயலிலிருந்து எடுத்த பூச்சிகளைத் தனித்தனியே விட்டால் சில பயிர்கள் கடுமையாக மஞ்சளாயின. சில இலேசாகக் குட்டையாயின. சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த வேறுபாடுகளை வைரஸின் வகை வேறுபாடுகளாக விளக்க முயன்றனர். கையில் உள்ள கருத்துக்குப் பொருந்தாத விளைவுக்கு ஒரு புதிய வகையைக் கற்பித்துக்கொள்வது நோயியலில் பழைய பழக்கம்.

திருப்பம் இந்தோனேசியாவில் நேர்ந்தது. 1975இல் சைட்டோ தலைமையிலான ஜப்பானிய, இந்தோனேசிய ஆய்வாளர்கள் நோய்ப்பயிரில் கோல் வடிவத் துகள்களையும் கண்டனர். 1978இல் ஹிபினோவும் உடனிருந்தோரும் இரண்டு துகள்களும் இந்நோயோடு தொடர்புடையவை என்று வெளியிட்டனர். தொடர்ந்து நடந்த சோதனைகள் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துக் காட்டின.

உருண்டை வைரஸ் மட்டும் தொற்றிய பயிரில் ஏறக்குறைய அறிகுறியே இல்லை. சிறிது குட்டையாகும், அவ்வளவே. கோல் வைரஸ் மட்டும் தொற்றினால் மஞ்சளும் குட்டைத்தன்மையும் ஓரளவு தோன்றும். இரண்டும் சேர்ந்தால்தான் விவசாயி அஞ்சும் துங்ரோ. ஆனால் தீங்கு செய்யும் கோல் வைரஸால் தானாக வயல் தாண்ட முடியாது. பச்சைத் தத்துப்பூச்சி முதலில் உருண்டை வைரஸ் உள்ள பயிரில் சாறுண்ட பிறகுதான், அல்லது இரண்டும் உள்ள பயிரில் உண்டால்தான், கோல் வைரஸைச் சுமந்து செல்லும். வரிசையை மாற்றி, முதலில் கோல் வைரஸ் பயிரிலும் பின்னர் உருண்டை வைரஸ் பயிரிலும் விட்டால் கோல் வைரஸ் கடத்தப்படுவதில்லை. கபாவாத்தானும் ஹிபினோவும் 1980களில் செய்த இச்சோதனைகள் எளிமையானவை. கண்ணாடிக்குழாயும் நாற்றும் பூச்சியும் போதும்.

உருண்டை வைரஸ் அளிக்கும் இந்த உதவி வைரஸ் துகளையே சார்ந்ததன்று என்பதும் தெரிந்தது. உருண்டை வைரஸுக்கு எதிரான சீரத்தைப் பூச்சிக்கு ஊட்டினால் அந்த வைரஸைக் கடத்தும் திறன் போய்விடும். ஆனால் கோல் வைரஸைச் சுமப்பதற்கான உதவி அப்படியே நிற்கும். ஆகவே வைரஸ் தொற்றிய பயிரில் உண்டாகும் வேறொரு பொருள் பூச்சியின் வாயுறுப்பில் தங்கி இடம் அமைத்துக் கொடுக்கிறது என்று கருதப்படுகிறது.

இங்கே ஜப்பானின் அனுபவம் ஒரு துணைக்கதை. 1970களின் தொடக்கத்தில் கியூஷு தீவில் வாய்க்கா என்ற நெல் குட்டை நோய் பரவியது. அதற்குக் காரணமான வைரஸ் துங்ரோவின் உருண்டை வைரஸே என்று பின்னர்த் தெரிந்தது. ஜப்பானில் கோல் வைரஸ் இல்லை. ஆகவே துங்ரோவும் இல்லை. கூட்டாளி இல்லாத நாட்டில் இந்த வைரஸ் ஒரு சிறு தொல்லையாக வந்து போயிற்று. இன்று உருண்டை வைரஸின் பேரினப் பெயரில் வாய்க்கா என்ற சொல் நிலைத்திருக்கிறது.

1991இல் கோல் வைரஸின் மரபுத்தொடர் முழுவதும் படிக்கப்பட்டது. ஏறக்குறைய 8,000 எழுத்துகள் கொண்ட வட்ட டி.என்.ஏ. அது. 1993இல் உருண்டை வைரஸின் 12,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. படிக்கப்பட்டது. இரண்டுக்கும் குடும்ப உறவு இல்லை என்பது ஐயமறத் தெரிந்தது. இந்தியத் துணைக்கண்டத்துக் கோல் வைரஸ் தென்கிழக்கு ஆசிய வைரஸிலிருந்து கணிசமாக வேறுபட்டது என்பதும் 1990களில் தெரியவந்தது. லாஸ் பானோஸில் தேறிய ரகம் காஞ்சிபுரத்திலும் தேறும் என்று தானாகக் கொள்ள முடியாது என்பதற்கு இது ஒரு காரணம்.

டி.கே.எம். 6: திரூர்குப்பத்திலிருந்து உலகுக்கு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதியில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. திரூர்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கமே டி.கே.எம். என்னும் ரக வரிசை. அந்நிலையத்தில் ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரண்டு கோயம்புத்தூர் ரகங்களை ஒட்டுக்கட்டி உருவானது டி.கே.எம். 6. இவற்றுள் ஜி.இ.பி. 24 கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் சன்னரிசிக்குப் புகழ்பெற்றது. டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்குவதற்காக நாடு கடந்து அறியப்பட்டது. பெற்றோராகப் பயன்படுத்த லாஸ் பானோஸுக்கும் சென்றது.

1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 விளைச்சலில் புரட்சி செய்தது. பூச்சி, நோய்களிடம் தோற்றது. 1970, 71ஆம் ஆண்டுகளில் பிலிப்பைன்ஸில் துங்ரோ பெரும் சேதம் விளைவித்தபோது, 1969இல் வெளியிடப்பட்டிருந்த ஐ.ஆர். 20 தாங்கி நின்றது. அந்த ஐ.ஆர். 20இன் தந்தை டி.கே.எம். 6. தமிழ்நாட்டிலும் ஐ.ஆர். 20 வீட்டுப்பெயராயிற்று, ரேஷன் அரிசியும் கல்யாணச் சாப்பாடும் பல ஆண்டுகள் அதைக் கொண்டே நடந்தன. ஐ.ஆர். 26, ஐ.ஆர். 30 ஆகியவற்றிலும் டி.கே.எம். 6இன் குருதி ஓடுகிறது.

ஐ.ஆர். 20 ஏன் தாங்கியது என்பதற்கு 1970களில் சொன்ன விடை, பூச்சி அதை அதிகம் விரும்புவதில்லை என்பதாக இருந்தது. இரண்டு வைரஸ்களையும் தனித்தனியே கண்டறியும் சீரச்சோதனை வந்த பிறகு, 1980களின் பிற்பாதியில் பழைய ரகங்களை மறுபடி ஆராய்ந்தனர். டி.கே.எம். 6ஐயும் அதன் வழிவந்தவற்றையும் கோல் வைரஸ் தொற்றியது. ஆனால் உருண்டை வைரஸ் தொற்றவில்லை. அதாவது திரூர்குப்பத்து நெல் கூட்டாளிகளில் ஒருவனை மட்டும் வாசலில் நிறுத்தியது.

இதன் விளைவு நுட்பமானது. கோல் வைரஸ் மட்டும் உள்ள பயிர் ஓரளவு மஞ்சளாகும். ஆனால் அங்கிருந்து பூச்சியால் நோயை அடுத்த பயிருக்குக் கொண்டுசெல்ல முடியாது. நோய் அந்தப் பயிரோடு முடிந்துவிடும். வயல் முழுவதும் இத்தகைய ரகமாக இருந்தால் வெளியிலிருந்து வந்த நோய் உள்ளே பெருகாது. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைக் கொண்டு மதிப்பெண் போட்டால் இந்த ரகம் நடுத்தரம் என்றே வரும். நோய்ப் பரவலைக் கொண்டு பார்த்தால் அது முதல்தரம்.

எதிர்ப்பக்கத்தில் இன்னோர் ஏமாற்று இருந்தது. உருண்டை வைரஸைத் தன்னுள் வைத்துக்கொண்டு எந்த அறிகுறியும் காட்டாத ரகங்கள் பல. அவை நோயற்றவை என்று பாராட்டப்பட்டன. உண்மையில் அவை உதவி வைரஸின் சேமக்கிடங்குகள். பச்சைப் பசேலென்று நிற்கும் வயலில் சாறுண்ட பூச்சி, அடுத்த வயலின் ஒற்றை மஞ்சள் தூரிலிருந்து கோல் வைரஸை எடுத்துக்கொள்ள ஆயத்தமாகிவிடுகிறது. கூட்டுத் தொற்றில் எதிர்ப்புத்திறன் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது இங்குதான் சிக்கலாகிறது. பயிர் நலமாக இருப்பதா, வைரஸ் உள்ளே பெருகாமல் இருப்பதா, அல்லது அங்கிருந்து வெளியே பரவாமல் இருப்பதா? ஒரே ஒரு நோய்க்காரணி இருக்கும் இடத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு இருக்கும்போது பிரிந்துவிடுகின்றன.

பூச்சியைத் தடுத்த ரகங்களின் கதி

1970, 80களில் நெல் இனப்பெருக்கத்தின் பெருங்கவனம் வைரஸின்மேல் இல்லை, பூச்சியின்மேல் இருந்தது. பூச்சிக்கு ஒவ்வாத ரகத்தை விளைவித்தால் நோயும் வராது என்பது நியாயமான எண்ணமே. வைரஸைச் சோதிப்பதைவிடப் பூச்சியைச் சோதிப்பது எளிது. நாற்றுப் பெட்டியில் பூச்சிகளை விட்டு, ஒரு வாரத்தில் எது சாகிறது எது நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதல் சில ஆண்டுகள் இது பலித்தது. பின்னர்ப் பச்சைத் தத்துப்பூச்சி அந்த ரகங்களுக்குப் பழகிக்கொண்டது. ஒரே ரகத்தைப் பெரும்பரப்பில் தொடர்ந்து பயிரிட்ட இடங்களில் சில பருவங்களிலேயே இது நேர்ந்தது. தாங்குதிறன் உள்ளது என்று பரிந்துரைத்த ரகமே மஞ்சளாகி நின்றபோது விதை கொடுத்தவர்மீதும் மருந்து கொடுத்தவர்மீதும் ஐயம் எழுந்தது. உண்மையில் ரகம் மாறவில்லை, பூச்சிதான் மாறியிருந்தது.

பூச்சி எதிர்ப்பு ரகங்களில் கூட்டாளிகள் பிரிக்கப்படுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். அத்தகைய பயிரில் பூச்சி ஃபுளோயம் குழாயில் நீண்ட நேரம் சாறுண்பதில்லை. ஊசியை எடுத்து எடுத்து மாற்றும். அந்தக் குறுகிய குத்தல்களில் உருண்டை வைரஸைவிடக் கோல் வைரஸே மிகுதியாகத் தொற்றியது. சிறு அளவில் இது நன்மையே. பூச்சியின் எண்ணிக்கை பெருகிவிட்டால் இந்த நன்மை நிற்பதில்லை.

இந்தோனேசியாவின் தெற்குச் சுலவேசியில் 1970களின் முற்பாதியில் கடும் துங்ரோ பரவியது. அங்கு 1980களில் வேறொரு வழி நாடினர். வட்டாரம் முழுவதும் குறித்த காலத்தில் ஒன்றாக நடவு செய்தனர். பருவத்துக்குப் பருவம் வெவ்வேறு எதிர்ப்பு மரபணு கொண்ட ரகங்களைச் சுழற்றினர். நோய் கட்டுக்குள் வந்தது. செங்கற்பட்டு ஏரிப்பாசனம் ஒரு காலத்தில் இயல்பாகவே செய்துவந்ததை, அங்கே அரசு ஆணையிட்டுச் செய்தார்கள் என்று சொல்லலாம். மதகு திறக்கும் நாளே நடவு நாள் என்ற கட்டுப்பாடு பூச்சியையும் கட்டுப்படுத்தியிருந்தது.

பிற பயிர்களில்

கூட்டுத் தொற்று என்ற கருத்து துங்ரோவுக்கு முன்பே தெரிந்ததுதான். 1892இல் அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன், வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய பருத்தியில் வாடல் நோய் மிகுவதைக் கவனித்தார். பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடுவது புழு. வாடலைத் தாங்கும் பருத்தி ரகமும் நூற்புழு இருக்கும் மண்ணில் வாடிவிடக்கூடும் என்பதை உழவியல் பின்னர் அறிந்தது.

1931இல் கேம்பிரிட்ஜில் கென்னத் ஸ்மித், உருளைக்கிழங்கின் தேமல் நோய் ஒன்று இரண்டு வைரஸ்களின் கலவை என்று காட்டினார். அவர் கையாண்ட முறை அழகானது. அசுவினிப்பூச்சி ஒரு வைரஸை மட்டுமே எடுத்துச் சென்றது; ஊமத்தைச் செடி மற்றொன்றை மட்டுமே ஏற்றது. ஒன்று பூச்சியால், ஒன்று செடியால் வடிகட்டப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத் துங்ரோவுக்கும் இதே தர்க்கந்தான் தேவைப்பட்டது.

2011இல் கென்யாவில் மக்காச்சோள வயல்களை அழித்த கொல்லி நோயும் இரண்டு வைரஸ்களின் கூட்டு. அங்கு ஒரு வைரஸ் முன்பே இருந்தது. யாரும் பெரிதாகக் கருதவில்லை. புதிதாக ஒன்று வந்து சேர்ந்தவுடன் அதுவரை நன்றாயிருந்த ரகங்கள் ஒருசேர வீழ்ந்தன. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளியில் இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும் காணப்படுகின்றன. ஒரே செடியில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

கூட்டுத் தொற்று எப்போதும் கேடே என்பதும் சரியன்று. 1929இல் மெக்கின்னி, வீரியம் குறைந்த புகையிலைத் தேமல் வைரஸ் முன்பே தொற்றிய செடியை வீரியமுள்ள வகை தொற்றுவதில்லை என்று கண்டார். நெருங்கிய உறவுடைய வைரஸ்கள் ஒன்றையொன்று விலக்கும். உறவில்லாதவை ஒன்றுக்கொன்று உதவும். பயிரின் தற்காப்பு முறையே இதற்குக் காரணம். செடி தன்னுள் நுழைந்த வைரஸின் மரபுத்தொடரை அடையாளம் கண்டு துண்டு துண்டாக வெட்டும். உறவுடைய இரண்டாவது வைரஸும் அந்த வெட்டில் சிக்கும். உறவில்லாதது சிக்காது. அது மட்டுமன்று, பல வைரஸ்கள் இந்த வெட்டும் கருவியை முடக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. ஒன்று முடக்கினால் மற்றொன்றும் பயனடையும். துங்ரோ கோல் வைரஸின் பி4 என்னும் புரதத்துக்கும் இத்தகைய தன்மை உண்டு.

பிற்கால முயற்சிகள்

வெட்டும் கருவியைச் செடிக்கு முன்கூட்டியே பழக்கினால் என்ன என்ற கேள்வியிலிருந்து டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்திரநீல் தாஸ்குப்தாவின் குழு தொடங்கியது. கோல் வைரஸின் மரபுத்துண்டு ஒன்றை நெல்லில் செலுத்தி, அந்நெல் வைரஸைத் தாங்குவதை 2008இல் வெளியிட்டனர். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்பண்பைப் பிற்கலப்பு முறையில் அம்பாசமுத்திரம் நிலையத்து ஏ.எஸ்.டி. 16 ரகத்துக்கு மாற்றியது. அதன் செயல்திறன் 2016இல் வெளியானது. மரபணு மாற்றிய நெல்லுக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லாததால் அது ஆய்வு நிலையிலேயே உள்ளது.

மற்றொரு வழி இந்தோனேசியாவின் உத்ரி மேரா என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது. அந்த ரகம் உருண்டை வைரஸை எதிர்ப்பதற்கு, புரதத் தயாரிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு சாதாரண மரபணுவில் ஏற்பட்ட சிறு மாற்றம் காரணம் என்று 2010இல் கண்டறியப்பட்டது. வைரஸ் பெருகுவதற்குச் செடியின் அந்தக் கருவியைக் கடன் வாங்குகிறது. கருவி சற்றே வேறாக இருந்தால் வைரஸின் கைக்கு அது பொருந்துவதில்லை. 2018இல் ஐ.ஆர். 64 ரகத்தில் அதே மரபணுவைத் திருத்தி, உருண்டை வைரஸைத் தாங்கும் நெல்லை உருவாக்கினர். கோல் வைரஸை முற்றாக விலக்கும் இயற்கை ரகம் கிடைப்பது அரிது. எனவே கூட்டாளியை வெட்டும் பழைய உத்தியே இன்றும் முதன்மையானது.

வயலில் இன்றும் பயன்படுவது எளிய அயோடின் சோதனை. துங்ரோ கண்ட இலையில் மாவுச்சத்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், இலை நுனியைக் கிள்ளி அயோடின் கரைசலில் நனைத்தால் கருநீலக் கோடுகள் தோன்றும். சத்துக் குறைபாட்டால் மஞ்சளான இலையில் அவ்வாறு தோன்றாது. விளக்குப்பொறி வைப்பது, நாற்றங்காலில் வேப்பம்பிண்ணாக்கு இடுவது, அறுவடை முடிந்ததும் தாளை உழுது மடக்குவது ஆகியவை பிற பரிந்துரைகள். இவற்றுள் கடைசியானது மறுதாம்பை அழிப்பதால், பணச்செலவைப் பார்க்கையில் அதிகப் பயன் தருவது அதுவே.

டி.கே.எம். 6இன் காவலும் நிலைக்கவில்லை. 1990களில் பிலிப்பைன்ஸில் கபாவாத்தானும் உடனிருந்தோரும் உருண்டை வைரஸின் புதிய வகை ஒன்றைக் கண்டனர். வி.டி. 6 என்று பெயரிடப்பட்ட அவ்வகை, பிற வகைகள் தொற்றாத டி.கே.எம். 6ஐயும் தொற்றியது. அதன் மரபுத்தொடர் 2000இல் வெளியானது. திரூர்குப்பத்தில் விவசாயிக்காக உருவாக்கிய அந்த நெல், இரண்டு வைரஸ் வகைகளைப் பிரித்தறியும் சோதனைச் செடியாகவும் ஆயிற்று. தொற்றினால் வி.டி. 6, தொற்றாவிட்டால் பழைய வகை.